பத்து வருடப் பயணத்துக்கு ஒரு பெயர்

லண்டனில், ஹரோ ரயில் நிலையத்தடியில் ஒரு நகப்பூச்சுக் கடை. வேலை முடிந்து, கால்கள் என்னுடையவை போலில்லாமல் அதைக் கடக்கும்போது, திறந்த கதவால் அந்த மணம் வந்து மூக்கில் சுள்ளென்று ஏறும். உடனே நான் ஒன்பது வயதுச் சிறுமி. எங்கள் பழைய பிளேஸ்டோ வீட்டுச் சமையலறையில், ரோனியோ அச்சுக்கான மெழுகுத் தாளின் எழுத்துப்பிழைக்கு அதே மணமுள்ள திருத்து மை பூசி, மாமா ஊதிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் தம்பி அவர். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். மாதத்தில் ஒரு மாலை மட்டும் சேர்ட்டை அழுத்திப் போட்டுக்கொண்டு, விஞ்ஞானக் கதை ரசிகர்கள் கூடும் மதுக்கடை மேல்மாடிக்குப் போவார். தோடம்பழச் சாறு குடிப்பார். கடைசியில் கதிரைகளை அடுக்குவார். அங்கே தமிழர் என்று அவர் ஒருவர்தான். அவர்களுடைய சின்ன இதழ் வருடந்தோறும் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தும். செவ்வாயில் உயிர் உண்டா, பேயை நம்புகிறீர்களா என்று தபாலில் கேள்விகள் போகும். அந்த வருடம் எண்ணும் பொறுப்பு மாமாவுக்கு. கடைசிக் கேள்வி: பத்து வருட விண்பயணத்துக்கு நம்மில் யாரைக் கூட்டிப்போவீர்கள்?

"ஒரு ஆளாவது என்ரை பேரை எழுதியிருப்பான் அக்கா."

"விண்ணுக்குப் போறது இருக்கட்டும். முதல்லை அந்தக் குப்பை வாளியை வெளியிலை வை," என்றாள் அம்மா.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சப்பாத்துப் பெட்டி நிறைய உறைகளோடு என்னைக் கூப்பிட்டார். "கோழி கிறுக்கின மாதிரி எழுதியிருக்கிறாங்கள். நீ வாசி பிள்ளை, நான் கோடு போடுறன்."

வாசித்தேன். செயலாளர். தாடிக்கார வாத்தியார். மறுபடி செயலாளர். யாரோ ஒருவருடைய பூனைக்குக்கூட இரண்டு வாக்கு. ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் மாமாவின் பேனை நுனி தாளுக்கு மேலே, தொடாமல், காத்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தாளில் இல்லாத அவர் பெயரை, ஓர் எழுத்தும் சிதையாமல், முழுசாக வாசித்தேன்.

பேனை அசையவில்லை. "வடிவாப் பார்."

"ஓம் மாமா, அப்பிடித்தான் கிடக்கு."

கோடு போட்டார். துணிந்தவள், பெட்டி முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை அவர் பெயரை வாசித்தேன்.

இரண்டு வாரத்தில் முடிவுகள் அச்சாகி வந்தன. பூனை இருந்தது. மாமா இல்லை.

"கள்ள மாமா! உங்களுக்கு மூண்டெல்லோ! ஏன் போடேல்லை?" வேலைக்குப் புறப்பட்டவரின் கோட்டைப் பிடித்து இழுத்தேன், அழுகை வந்துவிட்டது. கூச்சத்தில் விட்டுவிட்டார் என்றே அன்று நினைத்தேன். அந்த உறைகள் எல்லாம் என் கைக்கு வருமுன்பே கத்தியால் நேராகக் கீறித் திறக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் அவர் முதலே வாசித்திருந்தார். தன் கண்தான் எங்கோ தவறவிட்டதோ என்ற நப்பாசையில் எனக்குத் தந்தார். இதெல்லாம் விளங்கும் வயதில்லை அது.

மாமா குனிந்து என் விரல்களைக் கோட்டிலிருந்து மெல்ல விடுவித்தார்.

"நீ வாசிக்கக் கேக்க நல்லாத்தான் இருந்தது. கதவைப் பூட்டு பிள்ளை, வாறன்."