மூட்டைக்கு நாலு மல்லாட்டை

டயாலிசிஸ் பிரிவின் வாசலில் ஓர் எடைக் கருவி இருக்கும். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை நோயாளி அதில் ஏறி நிற்க வேண்டும். என் மனைவி நசீமா வாரத்துக்கு மூன்று நாள் அதில் ஏறினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளையைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

போகும்போது ஐம்பத்தாறு கிலோ. நான்கு மணி நேரம் கழித்து வரும்போது ஐம்பத்து நாலு. குறைந்தது அத்தனையும் தண்ணீர். டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை இயந்திரம் செய்வது) என்பது இரத்தத்தைச் சுத்தம் செய்வது மட்டுமல்ல. சிறுநீர் பிரியாத உடம்பில் தேங்கிய தண்ணீரையும் அதுதான் உறிஞ்சி எடுக்கிறது.

அந்தக் கருவியில் நானும் ஏறினேன். அவளுக்காக என் சிறுநீரகத்தைக் கொடுக்க வந்தவன் நான். என் எடை நூற்று நாலு.

எனக்குத் திருக்கனூரில் மல்லாட்டை மண்டி. நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். இருபத்தைந்து வருடமாக மூட்டை எடை போட்டுச் சாப்பிடுகிறவனுக்குத் தன் எடை தெரியாமல் போனது வேடிக்கைதான். தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே உண்மை.

நசீமாவுக்கு முதலில் கால் வீங்கியது. செருப்பு சின்னதாகிவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கிக்கொண்டாள். பிறகு சோறு பிடிக்கவில்லை, வாயில் இரும்பு வாசனை அடிக்கிறது என்றாள். ஐப்பசி மழையில் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் தோற்கிறது என்று பொருள்) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் செய்த வேலை என்றார் டாக்டர்.

எங்கள் இரத்த வகை பொருந்தியது. மற்ற பொருத்தங்களும் சரியாக வந்தன. நிக்காஹ் பேசிய நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. டாக்டர் என் காகிதங்களை எல்லாம் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கொடுக்கலாம். ஆனா இந்த எடையில எடுக்க மாட்டேன். ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் இருக்கிற ஒண்ணுதான் உங்க முழு உடம்பையும் பாத்துக்கணும். இவ்வளவு எடையில சர்க்கரையும் வந்துச்சுன்னா அதுவும் போயிடும். அப்பறம் ஒரே வூட்ல ரெண்டு பேஷன்ட். எண்பத்தெட்டுக்கு வாங்க.”

பதினாறு கிலோ. மண்டியில் அது ஒரு கைத்தூக்கு. மூட்டையில் கூடினால் அள்ளிப் போட்டுவிடலாம்.

ஆரம்பத்தில் நன்றாகவே இறங்கியது. ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர், முப்பது வயதுகூட ஆகாத பெண், ஒரு நோட்டைக் கொடுத்து, சாப்பிடுவதை எல்லாம் எழுதச் சொன்னார். எழுதினேன். விடியலில் சுபுஹு தொழுகை முடித்து செல்லிப்பட்டு சாலையில் நடந்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். சமோசாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கார்த்திகையில் தொடங்கியது, ரமலான் முடியும்போது தொண்ணூற்று நாலு. பெருநாள் அன்று பள்ளிவாசலில் எல்லோரும் இளைத்துவிட்டாய் என்றார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. ஆடிக்குள் ஆபரேஷன் என்று நானே தேதி குறித்துக்கொண்டேன்.

அதோடு நின்றது. தொண்ணூற்று நாலு. அடுத்த வாரம் தொண்ணூற்று நாலு இருநூறு. அதற்கடுத்த வாரம் மறுபடி தொண்ணூற்று நாலு. சாப்பாட்டை இன்னும் குறைத்தேன், நடையைக் கூட்டினேன். ஐந்து வாரம் முள் அசையவில்லை. ஆலோசகர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதான் சாப்பிடுறீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். என்னைப் பொய்யன் என்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. அல்லாஹ் அறிய அதில் ஒரு வரி பொய் இல்லை.

சித்திரை வெயிலில் நசீமாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். டீ, குழம்பு, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கோடு போட்ட ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிப்பாள். தாகம் தாங்காமல் ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துவிட்டு நான் எடை பார்க்கப் போவேன். அவள் நாலு மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைகிறாள், என்னால் ஒரு மாதத்தில் இருநூறு கிராம் குறைய முடியவில்லை. இதைச் சொல்லி என்னைக் கேலி செய்தவளும் அவளேதான். “வேணும்னா என் மிஷின்ல ஒரு நாளு படுத்துப் பாருங்களேன்” என்பாள்.

வீட்டில் மின்சாரம் இல்லாத ஒரு காலையில் காற்றுக்காக மண்டிக்கு வந்து உட்கார்ந்தாள். அறுவடைக் காலம். டிராக்டரில் மூட்டைகள் வந்தபடி இருந்தன. நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். மூட்டையைப் பிரித்து, அடியில் கைவிட்டு நாலு காய் எடுத்து, காதருகே குலுக்கி, உடைத்து, பருப்பைத் தேய்த்துத் தோல் கழல்கிறதா என்று பார்த்து, வாயில் போட்டுக் கடிப்பேன். நறுக்கென்று உடைந்தால் நன்றாகக் காய்ந்தது. சவசவ என்றால் ஈரம். கடித்ததைத் துப்புவது கிடையாது. விவசாயி எதிரில் நிற்கும்போது அவன் விளைச்சலைத் துப்பினால் அதைவிட அவமானம் வேறில்லை.

பத்து மணிக்கு நசீமா எடை போடுகிற கலியபெருமாளைக் கூப்பிட்டாள். எங்களிடம் பதினெட்டு வருடமாக இருக்கிறார்.

“அண்ணே, ஒரு நாளைக்கு எத்தினி மூட்ட வருது?”

“சீசன்ல நாப்பது அம்பது வரும்மா.”

“எல்லாத்துலயும் இவரு நாலு நாலு வாயில போடுவாரா?”

“போடாம? பாய் கடிச்சாதானே நாங்க முள்ளப் பாப்போம்.”

என் காலடியில் கிடந்த மல்லாட்டைத் தோட்டை அவள் முறத்தில் கூட்டி அள்ளி என் முன்னால் வைத்தாள். முறம் நிறைந்திருந்தது.

“இதெல்லாம் நோட்ல எழுதனீங்களா?”

“அது சாப்பாடு இல்லடி. அது சோதன.”

“வயித்துக்கு அது தெரியுமா?”

கலியபெருமாள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது சுட்டது. இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாள்கூட அதை நான் சாப்பிடுவதாக நினைத்ததில்லை. அவள் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று மல்லாட்டையை வீட்டுக்குள்ளேயே விடாத நான், மண்டியில் ஒரு படிக்குக் குறையாமல் தின்றுகொண்டிருந்தேன். நான் வீணடித்த ஐந்து வாரமும் அவளுடைய ஐந்து வாரம். அன்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“கடிக்காம வாங்குனா வெவசாயி ஒத்துக்க மாட்டான். வெல கொறைக்கப் போறான்னு நெனப்பான்” என்றேன்.

“நோம்புல கடிக்காமதானே வாங்குனீங்க? யாராச்சும் கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை. நோன்பு நாட்களில் நான் குலுக்கிப் பார்த்தும் நகத்தால் கீறிப் பார்த்தும்தான் வாங்கினேன். பாய் நோன்பு என்று அவர்களும் பேசாமல் இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் மண்டிக்கு வரத்தே கிடையாது. ரமலானில் எடை இறங்கியதற்கும், பெருநாள் முடிந்ததும் நின்றதற்கும் காரணம் என் வாயிலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் செல்லிப்பட்டிலிருந்து வந்த விவசாயி ஒருவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா பாய், வாயில போடல? எம் மல்லாட்ட புடிக்கலியா?”

“நோம்புபா.”

“நோம்புதான் முடிஞ்சிடுச்சே!”

“இது எம் பொண்டாட்டிக்காக வைக்கிற நோம்பு” என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் தானே இரண்டு காயை உடைத்து வாயில் போட்டு, என் காதருகே வந்து நறுக்கென்று கடித்துக் காட்டினார். அந்த சீசன் முழுக்க விவசாயிகள் கடித்தார்கள், நான் சத்தம் கேட்டேன்.

ஆனியில் தொண்ணூற்றொன்று. தப்பு கண்டுபிடிக்கப்பட்டது, இனி நேர் சாலை என்று நினைத்தேன். மறுபடி நின்றது. இந்தத் தடவை எந்தத் தப்பும் இல்லை. தோடு இல்லை, டீயில் சர்க்கரை இல்லை. ஏழு வாரம்.

இதைப் படிப்பவர்களில் இப்படி நிற்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: முதல் தேக்கத்தைவிட இதுதான் கொடுமை. தப்பு செய்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். செய்யாத தப்பை எங்கே போய்த் தேடுவது?

அந்த ஏழு வாரத்தில்தான் ஒரு நாள் விடியலில் நசீமாவுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் வில்லியனூர் ரயில்வே கேட் திறப்பதற்காகக் காத்திருந்த அந்த நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை. அவசரமாக டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். அன்று மதியம் கடைத்தெருவுக்குப் போய் ஐந்து பரோட்டா, சால்னா ஊற்றித் தின்றேன். பசியில் இல்லை, கோபத்தில். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பி வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அவள் ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுப் பேசினாள்.

“அஞ்சு பரோட்டாதானே? அஞ்சோட முடிஞ்சிடுச்சு. அத ஏன் பத்து நாளு சுமந்துகினு திரியப் போறீங்க? போய் மூஞ்சி கழுவிகினு வாங்க.”

உணவு ஆலோசகரிடமும் சொன்னேன். இந்தத் தடவை அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என் பெல்ட்டைப் பார்த்தார். “புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கீங்களே” என்றார். உடம்பு கொஞ்ச உணவில் வாழக் கற்றுக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எடை நிற்கிறது, இடுப்பும் சர்க்கரையும் கொழுப்பும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன என்று விளக்கினார். தினமும் எடை பார்ப்பதை நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள், பருப்பும் முட்டையும் கூட்டுங்கள், நடையோடு கொஞ்சம் பாரம் தூக்குங்கள் என்றார். பாரத்துக்கு எனக்கா பஞ்சம்? காலையில் கலியபெருமாளோடு சேர்ந்து மூட்டை அடுக்கினேன். “பாய், மண்டிக்கு இப்பத்தான் மொதலாளி வந்துகிறாரு” என்று அவர் கிண்டலடித்தார்.

எட்டாவது வாரம் அரை கிலோ. அதற்குப் பிறகு எனக்கு அவசரம் தணிந்துவிட்டது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, அன்றன்றைக்கு நடந்தேன்.

ஐப்பசியில், சரியாக ஒரு வருடம் கழித்து, டாக்டர் முன்னால் ஏறி நின்றேன். எண்பத்தெட்டு நானூறு. இறங்கி பெல்ட், கைக்கடிகாரம், மண்டிச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறப்போனேன். டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நானூறு கிராமுக்காக ஒரு கிட்னியை வேணாம்னு சொல்ல மாட்டேன், இறங்குங்க.”

ஆபரேஷன் கார்த்திகையில் நடந்தது. விழித்ததும் விலாவுக்குக் கீழே பெரிய வலி. நர்ஸிடம் அவளுக்கு எப்படி என்று கேட்டேன். சிறுநீர் பிரிய ஆரம்பித்துவிட்டது, பையை மாற்றி மாற்றி வைக்கிறோம் என்றார். ஒரு வருடமாக அவள் உடம்பில் நடக்காதது அது.

ஐந்தாம் நாள் முகமூடி மாட்டி, என்னைச் சக்கர நாற்காலியில் அவள் அறை வாசல் வரை கொண்டுபோனார்கள். உள்ளே டாக்டர், தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நம்பவில்லை. “மூணு கிளாஸா?” என்று கேட்டாள். லிட்டர் என்று மறுபடி சொன்னார். நர்ஸ் ஒரு சொம்பு நிறைய கொடுத்தார். முதல் இரண்டு மடக்கு பழைய பழக்கத்தில் நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். பிறகு வாசலில் என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே சொம்பைக் கவிழ்த்தாள். கழுத்து வழியாக வழிந்து சட்டை நனைந்தது. துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னொரு சீசன் முடிந்துவிட்டது. இப்போதும் என் எடை சில மாதம் ஒன்றிரண்டு கிலோ ஏறும், சில மாதம் அப்படியே நிற்கும். முன்பு ஒரு வாரம் எனக்கு ஒரு யுகம். இப்போது மூன்று மாதம்கூடக் கொஞ்ச நாள்தான். மல்லாட்டையைக் காதால் வாங்கப் பழகிவிட்டேன். காது நன்றாகத் தீட்டிக்கொண்டது.

வீட்டில் அடுப்படியிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கும். என்ன வேலையில் இருந்தாலும் நிறுத்திவிடுவேன். என் இடுப்பில் இருந்த ஒன்று அங்கே நின்றபடி வேலை செய்துகொண்டிருக்கிறது. அவள் சொம்பைக் கீழே வைக்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.