பிரிவு வாரியாக முழங்கால்

‘பங்குபற்ற விரும்புபவரின் வயது, நோய், வைத்திய ஆலோசனை ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே அவருக்குப் பொருத்தமான வகுப்பு ஒதுக்கப்படல் வேண்டும்.’

இது நான் சொல்வதல்ல. இலவச உடற்பயிற்சி வகுப்புக்கான விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், நாலாம் விதியாக அச்சடித்திருக்கிறது. பின்பக்கத்தை யார் வாசிக்கிறார்கள் என்கிறீர்களா? நான் வாசிக்கிறேன். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் பின்பக்கம் வாசித்தே சம்பளம் எடுத்தவன்.

என் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது; கைத்தடியோடுதான் நடை. தை மாதம் டொக்டர் தெளிவாகவே சொன்னார்.

“மூண்டு மாதம் தொடைத் தசையைப் பலப்படுத்திப் பாருங்கோ. கதிரையில இருந்து செய்யிற பயிற்சி. குதிக்கக் கூடாது. சரிவராட்டி வெட்டத்தான் வேணும்.”

எங்கள் ஊர் பேசாலையில் வகுப்புகள் இரண்டு. மண்டபத்தில் கதிரைப் பயிற்சி. மைதானத்தில் பாட்டைப் போட்டுத் துள்ளும் சும்பா. நான் வயதை எழுதினேன், முழங்காலை எழுதினேன், டொக்டர் தந்த துண்டையும் இணைத்தேன்.

கிடைத்தது சும்பா.

வகுப்பு ஒதுக்கும் பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனேன். மேசையில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துச் சொன்னாள்:

“ஐயா, உங்கட கிராம அலுவலர் பிரிவுக்கு மைதானம். ஒழுங்கைக்கு அங்கால இருக்கிற பிரிவுக்குத்தான் கதிரை.”

“முழங்காலையும் பிரிவு வாரியாத்தான் பாக்கிறீங்களோ பிள்ளை?”

“அப்பிடிப் பிரிச்சாத்தான் ஐயா றிப்போட் எழுத லேசு. மாத்தோணுமெண்டா எழுத்தில தாங்கோ.”

எழுத்தில்... அதுவும் என்னிடம். அன்றே எழுதினேன். விதி நாலு மேற்கோளாக, இணைப்பு இரண்டு, பிரதி மூவருக்கு, பதிவுத் தபாலில். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரியாவது போடவேண்டும் என்பது கந்தோரின் அரிச்சுவடி. போடவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு அந்த நினைவூட்டலை நினைவூட்டினேன். டொக்டர் தந்த மூன்று மாதத்தில் மூன்று கிழமை இப்படியே கரைந்தது.

ஒழுங்கைக்கு அங்கால், எங்கள் படலைக்கு நேரெதிரே யூட்டின் வீடு. கடலுக்குப் போகிறவன். உயிர்த்த ஞாயிறு கழியக் கல்யாணம். தைத்த கோட்டு வயிற்றில் பூட்ட மறுக்கிறது. துள்ளிக் கரைக்கலாம் என்று விண்ணப்பம் போட்டவனுக்குக் கிடைத்தது என்ன? கதிரை. வலை இழுக்கிற அந்த உடம்பு, கிழவர்களோடு வரிசையில் இருந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது.

“நேற்று பக்கத்துக் கதிரை அப்பு நித்திரையாப் போனார் ஐயா. அவரைப் பாக்க எனக்கும் கண் சொக்கிட்டுது.”

“நீ கடிதம் எழுதினியோ?”

“கல்யாணக் காட் எழுதவே நேரமில்லை. நீங்கள் என்ர கதிரையில போய் இருங்கோ. உங்கட பேரில நான் குதிக்கிறன்.”

ஆள்மாறாட்டம். இதற்கு எத்தனை பேருக்கு நான் விளக்கக் கடிதம் கேட்டு எழுதியிருப்பேன்? முடியாது என்றேன். உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி பிலோமினா தலை நிமிராமலே சொன்னாள்:

“கடிதத்துக்கு முழங்கால் இல்லை, அது ஆறுதலா, மெல்ல வரும். உங்களுக்கு இருக்கு. போங்கோ.”

போனேன். மண்டபத்தில் பயிற்சி கொடுக்கும் பெண் பெயர் கூப்பிட்டாள்.

“யூட்?”

“ஓம்.”

நிமிர்ந்து என் நரைத்த தலையைப் பார்த்தாள். பதிவேட்டில் சரி அடையாளம் போட்டாள். பிறகு பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்:

“எந்த முழங்கால் ஐயா?”

நாலாம் விதி அச்சடித்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. விண்ணப்பம் கேட்டது, வாசிக்கவில்லை. கணினி என் விலாசத்தைக் கேட்டது. முழங்காலைக் கேட்டவள் இவள் ஒருத்திதான் — அதுவும் பொய்ப் பெயரில் வந்தவனிடம். உடற்பயிற்சி வகுப்புத் தேடி அலைகிறவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: பாட்டைப் பார்க்காதீர்கள், விளம்பரப் பனரைப் பார்க்காதீர்கள். எங்கே நோகிறது என்று யார் கேட்கிறாரோ, அவரிடம் சேருங்கள்.

மைதானத்திலும் சிக்கல் இல்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தில் என் பெயருக்கு ‘ஓம்’ என்றது யார் என்று எவருக்கும் கேட்கவில்லை.

பெரிய வியாழனுக்கு முந்திய கிழமை கிளினிக். டொக்டர் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். “வெட்டத் தேவையில்லை. இதையே விடாமல் செய்யுங்கோ.”

பதிலே வரவில்லையா என்கிறீர்களா? வந்தது. பதிவுத் தபாலில், மூன்று பிரதிகளோடு.

‘தாங்கள் கடந்த இரு மாதங்களாகச் சும்பா வகுப்பிற்கு ஒரு நாளும் தவறாது சமுகமளித்துள்ளமை வரவுப் பதிவேட்டின் மூலம் உறுதியாகின்றது. தங்களது துள்ளலைப் பயிற்றுநர் விசேடமாகப் பாராட்டியுள்ளார். ஆகவே முழங்கால் தொடர்பான தங்கள் கோரிக்கையை ஏற்பதற்கில்லை.’

கையெழுத்து, முத்திரை, எல்லாம் ஒழுங்கு. கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒழுங்கையைக் கடந்து, கைத்தடி இல்லாமல் எதிர்வீட்டுப் படியேறினேன். யூட் கோட்டின் கடைசிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

பதில் கிடைத்த திகதி: உயிர்த்த ஞாயிறு கழிந்து முதற் புதன்கிழமை, காலை, மாப்பிள்ளை கோவிலுக்கு வெளிக்கிடும் நேரம்.