சித்தப்பா நட்ட வேலி

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருக்கும் காட்சிதான். நட்ட வேலிக்கல்லில் கன்னத்தை ஒட்டி வைத்து, இடக்கண்ணை இறுக்கி மூடி, வரிசையைப் பார்ப்பார். ஒரு கல் இம்மியளவு விலகியிருந்தாலும் "பிடுங்கு" என்பார். ஏலகிரிப் பக்கம் பண்ணை வீட்டுக்காரர்களுக்கெல்லாம் வேலி போட்டுக் கொடுத்தவர். வேலி என்றால் அவர்தான் என்று ஜவ்வாது மலையில் எங்கள் ஊரே சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா செத்த அடுத்த வருஷம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். "என் மாடுங்க உங்க சாமையில பூந்துடுது அண்ணி, நடுவுல வேலி போட்டுட்றேன். உங்களுக்கு ஒரு செலவும் வாணாம்" என்றார். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட நிலம் அது. கிழக்குக் கோடியில் ஓர் எல்லைக்கல், மேற்குக் கோடியில் ஒன்று. இடையில் எதுவும் கிடையாது. நமக்குள் எதற்கு என்று அப்பா விட்டிருந்தார். அம்மா உருகிப்போனாள். கல் நடும் ஆட்களுக்குக் களி கிண்டிப் போட்டாள், தண்ணீர் சுமந்தாள், நூலின் ஒரு முனையைக்கூட அவளே பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிலத்தின் நடுவே ஒரு மேடு. ஒரு கோடியில் நின்றால் மறுகோடி தெரியாது. சித்தப்பா முதல் கல்லை அந்த மேட்டின் உச்சியில் நட்டார். அங்கிருந்து இரண்டு கோடிக்கும் தனித்தனியாக நூல் கட்டி மற்றக் கற்களை நட்டார். வேலை முடிந்ததும் அம்மாவைக் கிழக்குக் கோடியில் குந்த வைத்து, "பாருங்க அண்ணி, எதுனா கல்லு துருத்திக்கினு கீதா?" என்றார். வரிசை நேராக இருந்ததால் முன்னால் இருந்த கல் மற்ற எல்லாவற்றையும் மறைத்தது. மேற்குக் கோடியிலும் அப்படியே. ஆனால் மேட்டை ஒட்டி நின்ற எங்கள் புளியமரம் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

"மரம் அந்தாண்ட போய்ட்ச்சே தம்பி" என்றாள் அம்மா.

"நூலு போன வழி அண்ணி. நான் இன்னா பண்றது? நீங்களேதான பாத்தீங்க."

ஊர்க்காரர்களும் வந்தார்கள். இரண்டு கோடியிலும் ஒற்றைக் கண்ணால் பார்த்து, நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாமை பாதி வருஷத்துக்குத்தான் வரும். மீதிக்கு அந்தப் புளியை விற்றுத்தான் சோறு. மரம் போனபின், அதுவரை மலையை விட்டு இறங்கியறியாத அம்மா கர்நாடகத்துக் காபித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். நான் போளூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தேன். புதூர்நாட்டிலிருந்து வரும் பாதை எதிர்மலையைச் சுற்றித்தான் எங்கள் ஊருக்குள் நுழையும். அங்கிருந்து வேலி முழுசாகத் தெரிந்தது. மேட்டில் முழங்கை மாதிரி எங்கள் பக்கம் மடங்கி, மரத்தை அவர் பக்கம் வளைத்துப் போட்டிருந்தது. மேட்டுக் கல்லை மட்டும் எங்கள் நிலத்துக்குள் தள்ளி நட்டிருக்கிறார். மற்றதெல்லாம் அந்தக் கல்லுக்கு நேர். அதைக் காட்டியதும், "அது அப்பவே தெரியும் பாப்பா" என்றார் ஓட்டுநர், கியரை மாற்றிக்கொண்டே. ஜீப்பில் இருந்தவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

சித்தப்பாவிடமே போய்க் கேட்டேன். "எதிர்மலையில நின்னுகினு பாத்தா எல்லாம் கோணலாதான் தெரியும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

அம்மா போன வருஷம் என் வீட்டில்தான் கண்ணை மூடினாள். காபித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த மூட்டு, கடைசியில் அவளை எழுந்து நடக்கவே விடவில்லை. கடைப் புளியைக் கரைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பாள்.

இந்த மாதம் சித்தப்பாவின் மகன் போளூருக்கு வந்தான். சித்தப்பா படுத்த படுக்கையாகிவிட்டாராம். "அந்த மேட்டுக் கல்லைப் பிடுங்கி நேரா நட்டுடச் சொல்றாரு அக்கா. மரம் உங்களாண்ட வந்துடும். ஜீப்புல போறவங்க கை நீட்டிக் காட்றாங்க, அவருக்குத் தாங்கல" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மரத்தை வாங்கி நான் யாருக்குக் கொடுப்பது? அந்தப் புளிக்காகக் காத்திருந்தவள் போய்விட்டாள்.

"கல்லு மேல கை வெக்காத தம்பி" என்றேன். "மரம் உங்களாண்டயே இருக்கட்டும். ஜீப்புல போறவங்க பாத்துகினே போவட்டும்."