வலஸ்முல்ல பஸ்

இருபத்தாறு வயதுவரை எனக்கு இலங்கை என்றால் யாழ்ப்பாணம் மட்டும்தான். பன்னிரண்டு வயதில் அம்மா அப்பாவோடு ஒருமுறை போயிருந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வான் வண்டிக்குள் ஏறியதும் நித்திரையாகிவிட்டேன். கண் விழித்தபோது மாமி வீட்டு வாசல். மூன்று கிழமையும் வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு அப்படியே ஜேர்மனிக்கு, பீலெஃபெல்டுக்குத் திரும்பினோம்.

அந்தத் தீவின் மற்றப் பக்கத்தைப் பற்றி எனக்குச் சொன்னவள், என்னோடு வேலை செய்யும் ஜேர்மன்காரிதான். காது கேட்கும் கருவிகள் பொருத்தும் கடை எங்களுடையது. அவள் முதுகுப்பையோடு தனியாக ஒரு மாதம் சுற்றிவிட்டு வந்து, எந்த ரயிலில் எந்தப் பக்கம் இருந்தால் தேயிலை மலை வடிவாகத் தெரியும் என்றெல்லாம் விளக்கினாள். உன்னுடைய நாடு என்ன அழகு என்றாள். நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டு கிழமைக்குள் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்.

தனியாகச் சுற்றப் போகிறேன் என்றதும் அம்மா பயந்தாள். மாமி வீட்டில் நின்றுவிட்டு வந்தால் போதாதா என்று கேட்டாள். அப்பா, லீவு தந்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டார்.

போன முதல் நாளிலிருந்தே நான் யார் என்பதில் எல்லோருக்கும் குழப்பம். கடைக்காரர்கள் சிங்களத்தில் கதைத்தார்கள். நான் சிரித்தால், பதில் சொல்லாத பெருமைக்காரி என்று முகம் சுளித்தார்கள். பேராதனைப் பூந்தோட்டத்தில் உள்நாட்டவர்களுக்கு ஒரு டிக்கெட் யன்னல், வெளிநாட்டவர்களுக்கு ஒரு டிக்கெட் யன்னல். நான் இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். மலைநாட்டு ரயிலில் எனக்கு முன்னால் இருந்த ஜேர்மன் தம்பதி, இந்த உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கலாமா, கொடுத்தால் கோபிப்பாளா என்று ஜேர்மனில் வாதாடினார்கள். எந்த இடத்தில் குறுக்கிடுவது என்று தெரியாமல் இருந்து இருந்து, கடைசியில் பிஸ்கட்டை வாங்கி ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஜேர்மன் தெரியும் என்று எப்படிச் சொல்வது? இறங்கும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெற்குக் கரையில் தங்காலையில் இருந்து வெல்லவாய போகவேண்டிய நாளில்தான் அது நடந்தது. பஸ் பலகையில் சிங்கள எழுத்துத்தான் என் கண்ணில் பட்டது, எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. கொண்டக்டர் ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கூவினார். வெல்லவாயவா என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். அந்த அசைவு ஓமா இல்லையா என்று யோசிக்க முதலே பஸ் வெளிக்கிட்டுவிட்டது. தென்னந்தோப்புகளும் வயல்களுமாகப் போய், கடைசியில் இறங்கச் சொன்ன இடம் வலஸ்முல்ல என்ற சின்னப் பட்டினம். நான் போகவேண்டிய பாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மழை கொட்டியது. திரும்பிப் போக அன்று இனிப் பஸ் இல்லை என்று கையால் காட்டினார்கள்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்த பெண், அம்மாவின் வயதிருக்கும், என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்றாள். குவைத்தில் வீட்டுவேலை செய்தபோது பழகிய ஆங்கிலம் அவளிடம் கொஞ்சம் இருந்தது. தன் வீடு கிட்ட, விடிய வேறு பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றாள். நான் அவள் குடைக்குள் போனேன்.

வீட்டு விறாந்தையில் அவளுடைய கணவர் நின்றார். ஐம்பது வயது சொல்லலாம், ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். மனைவி ஏதோ சொல்ல, அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்:

"வா. இரு. பயம் இல்ல."

சிங்கள ஊரில் தமிழைக் கேட்ட சந்தோசத்தில் நான் படபடவென்று கதைக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவ்வளவு தமிழ் அவருக்குத் தெரியாது. தெரிந்த சொற்களை விரல் மடித்துச் சொல்லிக் காட்டினார். "நில்லு. எங்க போற. ஐடி எடு. பை திற. சரி, போ."

சொல்லி முடித்துவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. அவர் ஆமியில் இருந்தவர். அந்தத் தமிழ் சோதனைச்சாவடியில் படித்த தமிழ்.

எழும்பிப் போகவேண்டுமா என்று யோசித்தேன். எங்கே போவது? வெளியில் மழை. அதற்குள் அவர் மனைவி எனக்குத் துவாயும் காய்ந்த உடுப்பும் கொண்டுவந்து நீட்டினாள். சாப்பாட்டு மேசையில் அவர், "சாப்பிடு, சாப்பிடு" என்றார். அம்மா வீட்டில் சொல்வதும் அதே சொல்தான். ஏன் என்று தெரியவில்லை, அந்த நேரத்தில் அழுகை வந்துவிட்டது. அவர்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் கறியை இன்னும் கொஞ்சம் போட்டார்கள்.

அப்பாவின் ஊர் எது என்று அவர் கேட்டார். பொய் சொல்லலாம் என்று நினைத்தும் உண்மையைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த ஊரில்தான் இரண்டு வருடம் நின்றாராம். மனைவியின் ஆங்கிலத்தின் ஊடாக எனக்கு என் அப்பாவின் ஊரைச் சொல்லத் தொடங்கினார்: சந்தியில் பிள்ளையார் கோயில், அதற்குப் பின்னால் கூரையில்லாத வீடுகள், ஒரு வளவில் மட்டும் உப்பில்லாத நல்ல தண்ணீர்க் கிணறு, அதில்தான் எல்லோரும் குளித்தோம் என்றார். அந்தக் கோயில் இப்போது எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் கவனித்துப் பார்க்கவில்லை என்றேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, வெயிலில் தலையிடித்தது என்பதுதான் ஞாபகம்.

அவர் மீது கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. விடிய அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து சரியான பஸ்ஸில் ஏற்றி, கொண்டக்டரிடம் இரண்டுமுறை சொல்லிவிட்டுப் போனார். மனைவி தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்தாள்.

மிச்சப் பயணம் முழுக்க அருவிகளையும் மலைகளையும் பார்த்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

பீலெஃபெல்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில் வைத்து வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கையைக் கழுவிவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றாள். கலியாணமாகி இங்கே வருவதற்கு முதல் அம்மா அந்தச் சந்தியில் இருந்த ஆமிச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் ரியூசனுக்குச் சைக்கிளில் போய்வந்தவள்.

அப்பா வேறு மாதிரி. "எந்த வளவுக் கிணறாம்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"அந்தாளின்ர நம்பர் இருக்கோ?"

அம்மா அங்கிருந்தே சொன்னாள், "இந்த வீட்டுக்குள்ள அந்தக் குரல் கேக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

அப்பா என் தொலைபேசியை வாங்கிக்கொண்டு பல்கனிக்குப் போனார். நான் பின்னால் போனேன். திரையில் வலஸ்முல்ல விறாந்தை தெரிந்தது. அந்த மனிதர் வந்து குனிந்து பார்த்தார். அவர் மனைவியின் ஆங்கிலத்தை மொழிபெயர்க்க நான் வாய் திறந்தேன். அப்பா என்னை விலக்கிவிட்டுச் சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார்.

அப்பாவுக்குச் சிங்களம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தடக்கித் தடக்கி அல்ல, சரளமாக, கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். ஒரு இடத்தில் பெரிதாகச் சிரித்தார். ஜேர்மனில் கதைக்கும்போது அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு குரல் இறங்கியது. மறுபக்கத்தில் அந்த மனிதர் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

முடிந்ததும் தொலைபேசியைத் தந்தார். சிங்களம் எப்படி என்று கேட்டேன்.

"எண்பத்திமூண்டுக் கலவரத்துக்கு முந்தி கொழும்பில ஒரு அச்சுக்கூடத்தில வேலைக்கு நிண்டனான். அதுக்குப் பிறகு கதைக்க ஆர் இருந்தது?"

"கிணறு?"

"எங்கட இல்லை. பக்கத்து வளவு."

அது அவருக்கு நிம்மதியா கவலையா என்று முகத்தில் தெரியவில்லை. எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

உள்ளே அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கினேன். கடைசிக் கோப்பையை நீட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"அவன்ர மனிசி உனக்கு என்ன சமைச்சுத் தந்தவ?"

பலாக்காய்க் கறியும் பருப்பும் என்றேன். உறைப்போ என்று கேட்டாள். ஓம், சரியான உறைப்பு என்றேன்.