ஊற்றிய கை

தம்பி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். கொட்டாஞ்சேனையில், எங்கள் இரண்டு அறை வீட்டில், பகல் பதினொரு மணிக்கு. அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். அப்பா துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது அம்மாவும் சிங்கள மருத்துவிச்சி ஒருவரும் நானும்தான். எனக்குப் பதினொரு வயது. ஆனாலும் அந்த அறையில் செய்யவேண்டியது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கியவளல்லவா!

சாகும் ஆபத்தில் இருக்கிற பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சுவாமியார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று படித்திருந்தோம். கொடுக்காமல் செத்தால் ஆதாமும் ஏவாளும் விட்டுப்போன சென்மப் பாவம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை கடவுளின் முகத்தை ஒருநாளும் காணாது. தண்ணீர் ஊற்றும் முறையை சிஸ்டர் ஒரு பொம்மையை வைத்துச் செய்துகாட்டியிருந்தார். பிறந்து பத்து நிமிடமான பிள்ளை அப்படி என்ன பாவம் செய்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு யார் பரிசு கொடுப்பார்கள்?

தகரப் பேணியில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடிவந்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் பாதித் தண்ணீர் நிலத்தில், மீதி என் சட்டையில். திரும்ப ஓடி நிரப்பிக்கொண்டு வந்தேன். திரும்பவும் அதே கதை. மருத்துவிச்சி பேணியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“நீ சொல்லு துவே, நான் ஊத்துறேன்” என்றார், தன் மகளைக் கூப்பிடுவதுபோல.

அவர் ஊற்றினார். நான் சொன்னேன். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே என்று ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னேன். தண்ணீர் பட்டதும் பிள்ளை வாயைப் பிளந்து வீரிட்டது. மருத்துவிச்சி சிரித்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதேன்.

மூன்று கிழமை கழித்து, மிச்சச் சடங்குகளைச் செய்விக்கப் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அம்மா, அப்பா, சிஸ்டர், அக்கம்பக்கத்தார் எல்லாரும் நின்றார்கள். சுவாமியார் என்னைக் கூப்பிட்டார்.

“தண்ணி ஊத்தினதும் நீ, வார்த்தை சொன்னதும் நீ. அப்பிடித்தானே பிள்ளை?”

அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஊற்றுகிறவர்தான் சொல்லவும் வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் அது ஞானஸ்நானமே அல்ல. பொம்மைக்கு ஊற்றிய அன்றே சிஸ்டர் இதை மூன்று தரம் சொல்லியிருந்தார். அந்த சிஸ்டர் என்னைப் பார்த்துப் பூரித்துப்போய் நிற்கிறார். அப்பாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. கை நடுங்கிவிட்டது சுவாமி என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“ஓம் சுவாமி” என்றேன்.

அவர் என் தலையைத் தடவிவிட்டு, பிள்ளைக்கு உப்பு வைத்தார், எண்ணெய் பூசினார். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. அதுதான் ஏற்கனவே ஊற்றியாயிற்றே, இரண்டாம் தரம் ஊற்றக்கூடாது.

அன்று பிடித்த பயம். தம்பி தும்மினால் எனக்கு நெஞ்சு பதறும். பிறகு வெள்ளவத்தைக்கு வீடு மாறினோம். ஒருபக்கம் கடல், கடலை ஒட்டி ரயில் பாதை. என் உயிரை எடுப்பதற்கென்றே பார்த்து எடுத்த வீடு. அவன் பாதையைக் கடக்கும்போதெல்லாம் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். “அக்காவுக்கு விசர்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பாவசங்கீர்த்தனத்தில் சீனி களவெடுத்ததுவரை ஒப்புவித்தேன், இதை மட்டும் விழுங்கினேன். ஒன்றை மறைத்தால் மற்ற எதுவும் மன்னிக்கப்படாது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே பூசையில் நன்மை அப்பம் வாங்கினேன். பாவத்துக்கு மேல் பாவமாக ஏறிக்கொண்டே போனது.

நானே ஒருநாள் ஒளித்து ஊற்றிவிட்டால் என்ன என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் ஆபத்தில்லாத நேரத்தில் சாதாரண ஆள் ஊற்றக்கூடாது. அது இன்னொரு குற்றம். ஆகவே அவனுக்கு ஆபத்து வரும்வரை காத்திருந்தேன். ஒருநாள் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, அவனுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வரட்டும் தாயே, சின்னதாகப் போதும் என்று வாய்விட்டே கேட்டேன். சீ, நானும் ஒரு அக்கா!

அவனுடைய ஏழாவது வயதில் காய்ச்சல் வந்தது. சின்னதல்ல, நெருப்புக் காய்ச்சல். ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் பிதற்றத் தொடங்கியதும், அம்மா டாக்டரைக் கூட்டிவரப் பாமன்கடைக்கு ஓடினார். வீட்டில் நானும் அவனும்தான். இது நான் கேட்டு வாங்கிய காய்ச்சல். எழுந்து பேணியில் தண்ணீர் எடுத்தேன். இந்த முறை கை நடுங்கவில்லை. அவன் நெற்றிக்கு மேலே பேணியைச் சரிக்கப் போன நேரம் கண்ணை முழித்தான்.

“அக்கா, நான் சாகப்போறனா?”

எனக்கு விளங்கவில்லை. “விசர்க் கதை கதையாதை. பேசாமல் படு.”

“சாகிற ஆக்களுக்குத்தானே வீட்டில ஊத்துறது? சிஸ்டர் பொம்மையில காட்டினவா.” 

அவனும் முதல்நன்மை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டே கிட்டப் போனேன். அவன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு அலறினான்.

“ஊத்தாதீங்க அக்கா! ஊத்தினா நான் செத்துப்போவன்! கும்பிடுறன் அக்கா!”

போர்வையைப் பிடித்து இழுத்தேன். ஆம், இழுத்தேன். அவன் கடவுளைக் காணாமல் போய்விடுவானே என்ற பயத்தில், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையோடு மல்லுக்கட்டினேன். அம்மா உள்ளே வந்ததையே நான் காணவில்லை. டாக்டர் பின்னால் வருகிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் கையையும் பேணியையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் பேணியைப் போட்டுவிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து தம்பியை மடியில் போட்டுக்கொண்டார்.

“இவன் பிறந்த அண்டைக்கு நான் கட்டில்ல கிடந்தனான்தான், கண்ணை மூடிக்கொண்டா கிடந்தனான்? மருத்துவிச்சி ஊத்தினதைக் கண்டனான். நீ சுவாமியிட்ட ஓம் எண்ட உடனேயே அது செல்லாது எண்டு எனக்கு விளங்கிப்போச்சு. அடுத்த கிழமையே கிளினிக்குக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு, மட்டக்குளிக் கோயிலுக்குக் கொண்டுபோய் அந்தச் சுவாமியைக்கொண்டு ஊத்துவிச்சனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“பரிசு வாங்கின பிள்ளை. வெக்கப்படுவாய் எண்டுதான் விட்டனான்.”

“ஏழு வருஷம் அம்மா!” என்று கத்தினேன். “ஏழு வருஷம் நான் நித்திரையில்லாமல் செத்திருக்கிறன்!”

“எனக்கென்னெண்டு தெரியும்? நீ வாய் திறந்தியா?”

என்னை வெட்கப்படுத்தக்கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டார். வெட்கத்தில் நான் மூடிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே நேரம், தம்பி கழுவப்பட்டுவிட்டான், எப்போதோ கழுவப்பட்டுவிட்டான் என்ற ஆறுதலில், சிந்திக் கிடந்த தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினேன்.

டாக்டர் வந்தார். மருந்துக்குக் காய்ச்சல் கேட்டது. நாலு கிழமையில் அவன் எழுந்து நடந்தான், ஈர்க்குச்சி மாதிரி. சுகமானதும் தலைமுழுக வார்ப்பதற்காக அம்மா சுடுதண்ணீர் வைத்து, கிணற்றடியில் அவனைப் பலகையில் இருத்தினார். நான் துவாயோடு பக்கத்தில் நின்றேன். அம்மா முதல் சட்டித் தண்ணீரை அள்ளி அவன் தலைக்கு மேலே உயர்த்தினார். அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வீரிட்டான். ஊற்ற வந்தது அம்மா. ஆனால் அவன் மிரண்டு பார்த்தது என்னை.