ஒப்புக்குச் சப்பாணி

கீரமங்கலத்தில் எங்கள் தெருவில் என்னை ஒருவராலும் பிடிக்க முடியாது என்று ஐந்து வயதில் நான் நம்பியிருந்தேன். ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்த மிதப்போடுதான் திரிந்தேன். பூக்கடையிலிருந்து அப்பா வந்ததும் வராததுமாக, "இன்னைக்கும் என்னைய ஒருத்தராலயும் பிடிக்க முடியலப்பா" என்பேன். அப்பா சிரிக்காமல் கேட்டுக்கொள்வார். அக்கா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆட்டம் கல்லா மண்ணா. பிடிக்கிற ஆளைச் சுற்றி நின்று எல்லாரும் "கல்லா, மண்ணா?" என்று கேட்போம். மண் என்று சொல்லிவிட்டால் மண் முழுக்க அந்த ஆளுக்குச் சொந்தம். மற்றவர்கள் துவைக்கிற கல், வாசற்படி, யாரோ வீடு கட்டக் குவித்து வைத்த செங்கல் என்று எதிலாவது ஏறி நின்றுகொள்ள வேண்டும். கல் மாறி ஓடும்போது மண்ணில் வைத்துத் தொட்டுவிட்டால் அவுட்டு. அவுட்டானவர்தான் அடுத்துப் பிடிக்க வேண்டும்.

"தங்கச்சியச் சேத்துக்கிட்டாத்தான் வெளையாடப் போகலாம்" என்பது அம்மாவின் சட்டம். அதனால் முதல் நாளே அக்கா தெருவுக்கு அறிவித்துவிட்டாள்: "இவ ஒப்புக்குச் சப்பாணி." எல்லாரும் தலையாட்டினார்கள். என்னமோ பட்டம் கொடுக்கிறார்கள் என்று நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

குட்டு உடைந்தது ஒரு சாயங்காலம். ஓடும்போது தடுக்கி, பிடிக்கிற பெண்ணின் காலடியிலேயே விழுந்தேன். அவள் என்னைத் தாண்டிக் குதித்து வேறொருத்தியைத் துரத்திக்கொண்டு போனாள். எழுந்து போய், "ஏன் என்னையத் தொடல?" என்று கேட்டேன்.

"நீதான் ஒப்புக்குச் சப்பாணியாச்சே. ஒன்னையத் தொட்டா செல்லாது."

அவள் கையைக் கடித்துவிட்டேன். நன்றாகவே கடித்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் திருப்தியாகவும் இருக்கிறது.

இனி போகவே மாட்டேன் என்று சபதம் செய்தேன். மறுநாள் தெருவில் சத்தம் கேட்டதும் கால் தானாக ஓடியது. கடிபட்டவள் ஒரு முறை முறைத்துவிட்டு, "அங்கிட்டு நில்லு" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்லாரையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். எந்தச் செங்கல் ஆடும், யார் தொடுபட்டாலும் இல்லை என்று சாதிப்பார்கள், சண்டையை எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நாளைக்கும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அந்த ஓரத்தில் நின்று தெரிந்துகொண்டதுதான். பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் முதுகில் பளீரென்று ஒரு அடி விழுந்தது. "அவுட்டு!" அதே கடிபட்டவள்தான். நான் துள்ளிக் குதித்தேன். பிற்பாடு வேலைக்கு ஆர்டர் வந்த நாளில்கூட அப்படிக் குதிக்கவில்லை.

இப்போது இருப்பது கோயம்புத்தூரில், நாலாவது மாடியில். மகனுக்கு ஆறு வயது. தோற்பது அவனுக்கு ஆகவே ஆகாது. தோற்றால் காயை வீசுவான், கத்துவான், கடைசியில் ஆட்டத்துக்கே வரமாட்டான். விளையாட்டு பீரியடில் தனியாகச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சர் போன் செய்து சொன்னார். இவன் இப்படியே தனியாக நின்றுவிடுவானோ என்ற பயம் அன்று பிடித்துக்கொண்டது.

இந்தக் கோடையில் அவனைக் கீரமங்கலத்துக்குக் கூட்டிப் போனேன். அக்கா வாழ்க்கைப்பட்டது அதே தெருவில்தான். அவள் மகளுக்குப் பத்து வயது, தெருவே அவள் சொல்படிதான் ஆடுகிறது. தெரு இப்போது சிமெண்டு ரோடு. "இதுல எப்புடிக் கல்லா மண்ணா ஆடுவீங்க?" என்று கேட்டேன். "ரோடு மண்ணுதான் சித்தி. பேசி வச்சுட்டோம்" என்றாள். பிறகு என் மகனைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தி, "இவன் ஒப்புக்குச் சப்பாணி" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பிள்ளையையா என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. வீட்டில் பரமபதம் ஆடும்போது அவன் காய் பாம்பு வாய்க்குப் போனால் அவனுக்குத் தெரியாமல் ஒரு கட்டம் தள்ளி வைப்பவள் நான். அவன் அப்பா வேண்டுமென்றே தோற்பார். இத்தனை வருடமாக அவனைச் சப்பாணியாகவே வைத்திருந்தோம், அதை அவனிடம் சொல்லவும் இல்லை. இந்தப் பிள்ளைகள் நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள்.

பத்து நாள் அவன் சும்மா ஓடினான். வீட்டுக்கு வந்து, யார் எந்தப் படியில் நின்றார்கள், யார் ஏமாற்றினார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னான். பதினோராம் நாள் நான் வாசலில் நின்றிருந்தேன். அவன் படியைவிட்டு இறங்க, பின்னால் அக்கா மகள் பூனை நடை நடந்து வந்தாள். 'பின்னால பாருடா' என்று கத்த வாயெடுத்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"அவுட்டு!"

அவன் முகம் கோணியது. எனக்குத் தெரிந்த கோணல்தான். இப்போது கத்தப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"நெஜமாவே அவுட்டாக்கா?"

"நெசமாத்தான்டா. இனிமே நீ சப்பாணி இல்ல. வா, நீதான் பிடிக்கணும்."

மூக்கை உறிஞ்சினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய் நின்றான். "கல்லா, மண்ணா?" என்று எல்லாரும் கேட்க, "மண்ணு!" என்று தெருவே அதிரக் கத்தினான். அவனைப் பார்க்கிற ஆவலில் நான் வாசல் படியைவிட்டு ரோட்டில் இறங்கியிருந்தேன். நேராக ஓடிவந்து என் இடுப்பில் அடித்தான்.

"அம்மா அவுட்டு!"

"விடுடா அவங்கள," என்றாள் அக்கா மகள். "சித்தி ஒப்புக்குச் சப்பாணி."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சரி என்று தலையாட்டிவிட்டு, நிஜமான ஆட்களைப் பிடிக்க ஓடிவிட்டான்.