மலைக் கணவாயில் கிடைத்த கதிரை

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம், அயர்லாந்தில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தபோது நடந்தது இது. நான் திருக்கோணமலைத் துறைமுகத்தடியில் படகு இஞ்சின் திருத்துகிறவன். வயது ஐம்பத்திரண்டு. எங்கள் பக்கத்தில் பகிடிக்குப் பேர்போன ஆள். செத்த வீட்டுக்குப் போனாலும் வாசல் பந்தலில் நாலு பேரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். ஏன் வாசலோடு நின்றுவிடுகிறேன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கத்தான் அவ்வளவு பகிடியும். பிரேதம் என்றால் எனக்கு அவ்வளவு பயம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தங்கச்சியின் கணவர், அதாவது என் மச்சான், மலைக் கணவாய் ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனார். இரண்டு மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிற ஒடுக்கமான ரோடு. மேலே நின்றால் ஏரி தெரியும், நாலு பக்கமும் பச்சை தெரியும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்தது மூடுபனி ஒன்றுதான். கார்க் கண்ணாடியில் யாரோ வெள்ளைச் சாரத்தைக் காயப் போட்டது போல இருந்தது. அந்த வெள்ளைக்குள் இருந்து திடீரென்று கொம்பு வைத்த ஒரு முகம் வந்தது. நான் "முருகா!" என்று கத்திவிட்டேன். செம்மறியாடு.

"என்ன மச்சான், பயந்திட்டீங்களோ?"

"நானோ? ஆட்டுக்குப் பேர் வைச்சனான்."

கணவாயைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் ஒரு பழைய பப். ஏழு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறதாம். முன்பக்கத்தில் பாதி பலசரக்குக் கடை, பாதி பார். பின்பக்கம் அவர்களுடைய வீடு. வாசலில் கார்கள் நெருங்கி நின்றதால், மச்சான் என்னை இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடிப் போனார்.

நான் தனியாக உள்ளே போனேன்.

பப் என்றால் பாட்டும் கூத்துமாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இங்கே இருபது பேர் இருந்தும் சத்தமே இல்லை. எல்லாருக்கும் கறுப்பு உடுப்பு. போத்தல்கள் வரிசையாக இருந்தன, ஊற்றிக் கொடுக்க ஆளில்லை. போத்தல்களுக்குப் பின்னால் இருந்த பெரிய கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். சுவர் மணிக்கூடு நாலு இருபதில் நின்றுபோயிருந்தது. என் கைக்கடிகாரத்தில் அப்போது இரண்டு மணிகூட ஆகவில்லை.

ஒருவர் வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். அடுத்து ஓர் அம்மா. அடுத்து இன்னொருவர். நீ யார், எந்த ஊர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்ன விருந்தோம்பல் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எனக்கு வருகிற இங்கிலீசில் ஒவ்வொருவருக்கும் "வெரி ஹப்பி, வெரி ஹப்பி" என்றேன். அவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்கள்.

யாரோ கையில் தேத்தண்ணி தந்தார்கள். பின்னறைப் பக்கம் ஒரு வரிசை நின்றது. வரிசையைக் கண்டால் என் கால் தானாகப் போய் நின்றுவிடும். கோயில் அன்னதானத்தில் பழகின கால். உள்ளே என்ன பரிமாறுகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் விலகினார்.

பெட்டிக்குள் ஒரு கிழவர் படுத்திருந்தார். கழுத்தில் டை, படிய வாரிய தலைமயிர், விரல்களில் செபமாலை. கையில் தேத்தண்ணியோடு பின்னுக்கு நகரப் பார்த்தேன்; எனக்குப் பின்னால் நின்ற வரிசை விடவில்லை.

அந்த நேரம் மச்சான் வந்து காதுக்குள் சொன்னார். "மச்சான், இது செத்த வீடு. பப் நடத்தின ஐயாதானாம். சத்தம் போடாம வாங்கோ, போவம்."

போயிருப்போம். அதற்குள் யாருக்கோ போன் வந்தது. பிரேதத்தைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோக வந்த வண்டி, மேல் வளைவில் பனிக்குள் சறுக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டதாம். தள்ளுவதற்கு எல்லாரும் கிளம்பினார்கள். மச்சானும் சட்டைக் கையை மடித்தார். அந்தக் குளிருக்குள் போய் வண்டி தள்ள எனக்கு என்ன விசரா? முகத்தைச் சுளித்துக்கொண்டு, பிடிப்பு வந்தவன் போல இடுப்பைப் பிடித்தேன்.

கிழவரின் மகன் மலை மாதிரியான மனிதர். என்னைப் பாவமாகப் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டு மெல்ல நடத்திக்கொண்டு போய், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் இருத்தினார். அவர் சொன்னதை மச்சான் எனக்குச் சொன்னார். உயிர் போன நேரத்தில் மணிக்கூட்டை நிறுத்துவதும் கண்ணாடியை மூடுவதும் போல, வீட்டை விட்டுப் போகும்வரை இறந்தவரை ஒரு நிமிடமும் தனியே விடாததும் அவர்கள் வழக்கம். தாய் இரவு முழுக்க இருந்துவிட்டு, உடுப்பு மாற்ற மகளோடு மேலே போயிருக்கிறார். பத்து நிமிடம் அப்பாவோடு இருக்க முடியுமா என்று கேட்கிறார்.

நான் மச்சானைப் பார்த்தேன். என் இடுப்பின் கதை அவருக்குத் தெரியும்.

"இடுப்புக்கும் நல்லதுதானே. ஆறுதலா இருங்கோ, மச்சான்." சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒற்றை மெழுகுதிரி. பாதி திறந்த யன்னலால் மூடுபனி உள்ளே வந்து தரையோடு ஊர்ந்தது. பெட்டி வைத்த மேசையின் துணி நிலம்வரை தொங்கியது. அது ஒருமுறை அசைந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டேன். மெழுகுதிரிச் சுடர் அசையாமல் நின்றதை நான் பார்த்திருக்கக் கூடாது.

அப்போது கேட்டது, ஒரு பெருமூச்சு. நீளமாக, களைத்துப்போன ஓர் ஆளின் மூச்சு. பெட்டிப் பக்கமிருந்துதான் வந்தது.

இடுப்புப் பிடிப்புக்காரன் எழும்பின வேகத்தைக் கண்டிருந்தால் வைத்தியர்களே கும்பிட்டிருப்பார்கள். பாருக்குள் ஓடினேன். ஒருவருமில்லை. பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பைகள், மூடிய கண்ணாடி, நின்ற மணிக்கூடு. வெளிக் கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன்.

அங்கேதான் அப்பாவின் நினைவு வந்தது. ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பாவைக் கிடத்தியிருந்தபோது, "அப்பாவுக்குப் பக்கத்தில கொஞ்சம் இரடா" என்று அம்மா மூன்று தரம் கூப்பிட்டா. "கதிரை காணாது அம்மா, எடுத்துக்கொண்டு வாறன்" என்று மூன்று தரமும் நழுவினேன். முழு ரோட்டுக்கும் கதிரை கொண்டுவந்து போட்டேன். மூத்த பிள்ளை எப்படி ஓடியாடி வேலை செய்கிறான் என்று ஊரே சொன்னது. அன்றைக்கு நான் தூக்கின கதிரைகளில் ஒன்றில்கூட அப்பாவுக்குப் பக்கத்தில் நான் இருக்கவில்லை.

இந்தக் கதவையும் திறந்து போனால், இனி எந்தக் காலத்திலும் எனக்கு அந்தக் கதிரை இல்லை என்று பட்டது. திரும்பி வந்து இருந்தேன்.

"ஐயா," என்றேன், நல்ல திருக்கோணமலைத் தமிழில், "நான் சும்மா பார்க்க வந்தனான். உங்களோட எனக்கு ஒரு கோபமும் இல்லை. எழும்பிறதெண்டால், உங்கட மகன் வந்த பிறகு எழும்புங்கோ."

மறுபடியும் பெருமூச்சு. கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கதைத்தேன். துறைமுகத்தைப் பற்றி, இஞ்சின்களைப் பற்றி, கடைசியில் அந்தக் கதிரைகளைப் பற்றி. அம்மாவிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குச் சொல்லி முடித்தேன்.

அப்போது ஈரமான ஏதோ ஒன்று என் கையைத் தொட்டது.

நான் போட்ட சத்தத்துக்குக் கிழவர் எழும்பாததே அதிசயம். மேசைத் துணிக்குக் கீழேயிருந்து ஒரு கிழட்டு நாய் மெல்ல வெளியே வந்தது. அவருடைய நாய். முதல் நாள் தொடக்கம் அங்கேயே கிடந்ததாம். என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்தது. அதன் பிறகும் ஒருமுறை பெருமூச்சுக் கேட்டது. அது நான்தான்.

பத்து நிமிடம் என்றது முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. அவர்கள் சேறும் பனியுமாக உள்ளே வந்தபோது, என் ஒரு கை நாயின் தலையிலும் மற்றக் கை பெட்டியின் ஓரத்திலும் இருந்தன. எப்போது வைத்தேனோ தெரியாது. மகன் என் கையை இறுகப் பிடித்தார். இந்த முறை நான் "வெரி ஹப்பி" சொல்லவில்லை.

மறுநாள் அம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன், கதிரைக் கதை உட்பட.

"நீ ஏன் கதிரை தூக்கினனி எண்டு எனக்கு அண்டைக்கே தெரியுமடா," என்றா. "அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும். சின்னனில பயத்தில தனியப் போகமாட்டாய் எண்டு, இருட்டுக்குள்ள உன்னை வெளியில கூட்டிக்கொண்டு போனவர் அவர்தானே."

ஊருக்குத் திரும்பிய பிறகு, எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உள்ளே போய்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் பந்தலுக்கு வந்து பகிடி விடுகிறேன். பயம் போகவில்லை; ஆனாலும் அந்தக் கதிரையை விட்டு எழும்பி ஓடவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.